இருபது வரை

அக்கா ஸ்டூல் மேல் ஏறி நின்று, தைத்து முடித்த திரைச்சீலையைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தாள். தம்பி கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் அவள் பாதம் அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. அப்போதுதான் பார்த்தார். இடது குதிகாலின் ஓரத்தில் ஒரு குண்டூசி ஏறியிருந்தது. மடிப்பு கலையாமல் இருக்க துணியில் குத்தி வைப்பார்களே, பச்சை மணித் தலை வைத்த ஊசி, அதுதான். முக்கால்வாசி காலுக்குள் போய், மணி மட்டும் சின்னப் பொத்தான் போல வெளியே நின்றது.

அக்கா அந்தக் காலோடு ஸ்டூலிலிருந்து இறங்கினாள். இஸ்திரி மேசைக்கு நடந்தாள். திரும்பி வந்து, "காபி போடட்டுமா, டீயா?" என்று கேட்டாள்.

"அக்கா, கால்ல ஊசி குத்தியிருக்கு."

"எந்தக் கால்ல?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊசி குத்திய ஆள் "ஐயோ" என்று சொல்லலாம், நாலு கெட்ட வார்த்தை சொல்லலாம், ஊசியைக் கீழே போட்டவர் யார் என்று சண்டைக்குப் போகலாம். எந்தக் கால் என்று கேட்கக் கூடாது.

அக்கா சாவகாசமாக ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள், அது இல்லை என்று மறு காலைத் தூக்கினாள். "அட," என்று இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். ஊசி வந்தது, பின்னாலேயே ஒரு சொட்டு ரத்தமும் வந்தது. ஊசியைத் துணியில் துடைத்து, மணிக்கட்டில் கட்டியிருந்த ஊசிமெத்தையில் குத்திக்கொண்டாள். "பச்சை ஒண்ணு குறையுதேன்னு காலையிலேருந்து தேடிக்கிட்டிருக்கேன். இங்கதான் இருந்திருக்கு," என்றாள், தொலைந்த சாவி கிடைத்தவள் மாதிரி.

தம்பியின் கையில் இருந்த பிஸ்கட் அப்படியே நின்றது.

இந்தத் தம்பி யார் என்று சொல்லிவிட வேண்டும். வீட்டில் அவருக்குப் பேர் 'பேட்டரி'. ஐம்பத்தெட்டு வயது, முன்தலையில் முடி கிடையாது, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர். எட்டு வயதில் ஒரு சதுர பேட்டரியைக் கொண்டுவந்து, "நாக்குல வச்சுப் பாரு, இனிக்கும்," என்று சொல்லி அக்காவின் நாக்கில் ஒட்டியவர். அக்கா துள்ளிக் குதித்து, அவர் கன்னத்தில் விட்ட அறை தெருமுனை வரை கேட்டதாம். அன்றைக்கு ஒட்டிய பேர் அது. ஆனால் அந்த நாக்கைப் பார்த்துத்தான் அவருக்குப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. உடம்பு மின்சாரத்துக்குப் பதில் சொல்கிறது என்றால், மின்சாரத்தால் உடம்போடு பேசலாம் அல்லவா? முப்பது வருடம் இதையே பிடித்துக்கொண்டு தொங்கினார். உடம்புக்குள் வைத்துத் தைக்கிற, நரம்புக்குச் சன்னமாக மின்சாரம் கொடுத்து வலியை அமுக்குகிற கருவிகள். பதினொரு காப்புரிமைகள் வாங்கினார். பதினொன்றையும் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். "நாள்காட்டி மாட்ட ஒரு ஆணிக்கு இடமில்லை இந்தச் சுவத்துல," என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் குறைப்பட்டுக்கொள்வாள்; குறையிலும் பாதி பெருமைதான்.

அக்கா தையற்கடை வைத்திருப்பவள். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, திரைச்சீலை தைப்பது. பன்னிரண்டு வருடம் முன்னால் படியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டது. ஆபரேஷன் செய்தார்கள். முதுகு சரியானது, இடது காலில் வலி குடியேறியது. அடுப்புக்குள் காலை விட்டது போல இடுப்பிலிருந்து பாதம் வரை எரியும். தையல் மிஷினின் மிதியை மிதிக்க முடியாமல் பதினொரு வருடம் கையால் சக்கரத்தைச் சுற்றித் தைத்தாள். அந்தப் பதினொரு வருடமும் பேட்டரிக்குத் தெரியும். தன் ஏழாவது காப்புரிமையை அவர் எழுதியதே இந்தக் காலை நினைத்துத்தான்.

அந்தக் காப்புரிமையை ஒரு கம்பெனி வாங்கி, அவரையே ஆலோசகராக வைத்துக்கொண்டு, கருவியாகச் செய்தது. பதினான்கு மாதம் முன்னால் அக்காவின் இடுப்புக்கு மேலே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒன்றை வைத்துத் தைத்தார்கள். அதிலிருந்து இரண்டு ஒயர்கள் முதுகெலும்புக்குள் போயின. மூன்றாம் வாரமே அக்கா மிதியை மிதித்தாள். அன்றைக்குப் பேட்டரி கடைக்கு வந்து அந்த மிஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டு, கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அதற்கப்புறம் கடைக்கு ஜிப் மாற்ற வந்தவர்கள்கூடத் தப்பவில்லை. "என் தம்பி கண்டுபிடிச்சது," என்று அக்கா இடுப்பைத் தட்டிக் காட்டாமல் யாரையும் வெளியே விட்டதில்லை.

"வலி எப்படி இருக்கு?" என்றார் பேட்டரி. குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"வலியா? வலிங்கிற பேச்சே இல்லைடா. சுத்தமாப் போச்சு."

"கால் இருக்கிறது தெரியுதா?"

"கால் எங்க போகும்?" என்று சிரித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "இப்ப ஒரு மாசமா மிதி எங்க இருக்குன்னு குனிஞ்சு பாத்துத்தான் வைக்கிறேன். செருப்பு கழண்டு விழுந்தாலும் நாலு எட்டு நடந்தப்புறம்தான் தெரியுது. வயசாச்சுல்ல."

"ரிமோட்டக் குடு."

அவள் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். உள்ளங்கைக்கு அடக்கமான வெள்ளை ரிமோட். உடம்புக்குள் போகிற மின்சாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு பொத்தான்கள், நடுவில் சின்னத் திரை. திரையில் ஒரு பச்சைக் கோடு, பக்கத்தில் ஓர் எண். பதினெட்டு.

பேட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். பதினெட்டுதான். மில்லிஆம்பியர் கணக்கில் பதினெட்டு. முன்பு நாற்பத்தோரு நோயாளிகளை வைத்து டாக்டர்களோடு உட்கார்ந்து அவர் சோதித்துப் பார்த்தபோது மூன்று வைத்ததும் பாதிப்பேருக்கு வலி போனது. ஐந்தில் எல்லாருக்கும் போனது. ஆறு வைத்தபோது, போதும் நிறுத்துங்கள் என்று கையைத் தூக்கினார்கள். ஆறோடு நோட்டை மூடிவிட்டார்.

"யாரு அக்கா இவ்வளவு ஏத்தினது?"

"நான்தான். முதல்ல கிளினிக்ல நாலு வச்சு விட்டாங்க. போகப் போக உடம்புக்குப் பழகிடுது, கொஞ்சம் எட்டிப் பாக்குது வலி. அப்ப ஒண்ணு ஏத்துவேன். அங்க இருக்கிற டெக்னீஷியன் அம்மாகிட்டயும் கேட்டேன். 'பச்சைக்குள்ள இருக்கிற வரைக்கும் பயமில்ல, இருபது தாண்டினாத்தான் சிவப்பு, அது தாண்டவும் விடாது'ன்னாங்க." அக்கா ரிமோட்டைத் தட்டிக் காட்டினாள். "இன்னும் ரெண்டு மிச்சம் வச்சிருக்கேன் பாரு. அவசரத்துக்கு."

பேட்டரி ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே? இருபதுன்னு எல்லை போட்டதே நீதானாமே. அந்த அம்மாதான் சொன்னாங்க, பேப்பர்ல உன் பேர் இருக்காம். என் தம்பி போட்ட எல்லைன்னா நான் கண்ணை மூடிக்கிட்டுப் போவேன்னு சொன்னேன்."

அவர் எழுந்து, ஃபோன் பேசிவிட்டு வருவதாகச் சொல்லிக் கடையின் பின்கட்டுக்குப் போனார். அங்கே துணிக் கிழிசல் மூட்டைகளும், கை ஒடிந்த ஒரு துணிப்பொம்மையும் இருந்தன. கம்பெனியில் அந்தக் கருவியை வடிவமைத்த பெண் பொறியாளரைக் கூப்பிட்டார். கெட்டிக்காரி. எதையும் ஆதாரம் இல்லாமல் எழுத மாட்டாள். அவரே நாலு கூட்டங்களில் அதற்காக அவளைப் பாராட்டியிருக்கிறார்.

"சொல்லுங்க சார்."

"அம்மா, அந்த முதுகுக் கருவி. மேல் எல்லை இருபதுன்னு வச்சிருக்கீங்களே, எதை வச்சு?"

"ஒரு நிமிஷம் சார்." விசைப்பலகை தட்டும் சத்தம். "ஆங். உங்க காப்புரிமைதான் சார். அதுல உரிமை கோர்ற பகுதி. 'பூச்சியம் புள்ளி ஒன்றிலிருந்து இருபது வரை'ன்னு இருக்கு. ஆதாரம்கிற இடத்துல அதைத்தான் போட்டிருக்கேன்."

"நீங்க சோதிச்சீங்கல்ல?"

"கருவியச் சோதிச்சோம் சார். இருபதுல மூணு மாசம் ஓடவிட்டோம். சூடாகல, ஒயர் தாங்குது, எல்லாம் சரியா இருந்துது. உடம்பு தாங்குமாங்கிறது உங்ககிட்ட இருக்குன்னு விட்டுட்டோம். நீங்க சோதிக்காமலா எழுதியிருப்பீங்க? மேற்பார்வைத் தாள்லயும் நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. 'மேல் எல்லை: காப்புரிமையின்படி. சரி.' கீழே உங்க கையெழுத்து." கொஞ்சம் நிறுத்தினாள். "ஏன் சார், ஏதாவது பிரச்சனையா?"

கையெழுத்துப் போட்டது ஞாபகம் வந்தது. முப்பது பக்கம் இருந்த தாள். இருபது என்ற எண்ணைப் பார்த்ததும், கம்பெனிக்காரர்கள் சோதித்துவிட்டார்கள் போலிருக்கிறது, பரவாயில்லையே, என்றுகூட நினைத்தார். அவர்கள் இவர் சோதித்தார் என்று நினைத்தார்கள். இவர் அவர்கள் சோதித்தார்கள் என்று நினைத்தார். ஆளுக்கு ஆள் மரியாதை. நடுவில் அக்காவின் கால்.

இருபது எங்கிருந்து வந்தது என்பதும் ஞாபகம் வந்தது. அது வராமல் இருந்திருக்கலாம்.

காப்புரிமை வக்கீலின் அறை. மதிய வேளை, மின்விசிறிக்கு அடியில் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். வக்கீல் பேனாவை மூடித் திறந்துகொண்டு கேட்டார்: "எதுவரைக்கும் போடட்டும்?" ஆறு வரைதான் சோதித்திருக்கிறேன் என்றார் பேட்டரி. வக்கீல் சிரித்தார். "ஆறுன்னு போட்டீங்கன்னா பக்கத்துக் கம்பெனிக்காரன் ஏழுல செஞ்சு விப்பான். உங்களுக்கு நாமம்தான். இது வேலி சார். வேலிய எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடணும். உள்ள விவசாயம் பண்றீங்களா இல்லையாங்கிறது வேற பேச்சு. பத்து போடலாமா?" பத்தை நினைத்துப் பார்த்தார். பத்தென்ன, "இருபதுன்னே போட்டுடுங்களேன்," என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். டீ வந்தது. காப்புரிமை எழுதுகிற தொழிலில் எல்லாரும் செய்வதுதான். அதைப் படிப்பவர்கள் இன்னொரு வக்கீலாகவே இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் செய்வது. ஒரு பொறியாளர் அதை எடுத்து மருந்துச் சீட்டு மாதிரி படிப்பாள் என்று யார் கண்டார்கள்?

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

சொல்லியிருக்க வேண்டும். அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சுவரில் மாட்டியிருந்த பதினொரு சட்டங்களும் கண் முன்னால் வரிசையாக நின்றன. "நான் பாத்துட்டுக் கூப்பிடறேன்மா," என்று சொல்லி வைத்துவிட்டார். அப்போது அவர் மேல் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

அடுத்த ஃபோன் கிளினிக் டாக்டருக்கு. பதினெட்டு என்று இவர் சொன்னதும் டாக்டர் இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். மூன்றாம் தரம் கேட்கவில்லை. "உடனே கூட்டிட்டு வாங்க. நடக்க விடாதீங்க," என்றார்.

அக்காவின் கணவர், மச்சான்தான் வண்டி ஓட்டினார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் எந்த பஸ் நிறுத்தத்தைக் கண்டாலும் கால் தானாகப் பிரேக்கில் போகும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி மெல்லத் தயங்கியது. "மாமா, நிக்காதீங்க," என்றார் பேட்டரி. "நான் எங்க நின்னேன்?" என்றார் மச்சான். வேறு நாளாக இருந்தால் அக்கா வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். அன்றைக்கு அவள் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கிளினிக் அறையில் ஒரு கட்டில், ஒரு திரை, சுவரில் முதுகெலும்புப் படம். டாக்டர் அக்காவின் காலை அங்கங்கே தொட்டுப் பார்த்தார். பஞ்சால் தடவினார். குளிர்ந்த கரண்டியை வைத்தார். அக்கா ஒவ்வொன்றுக்கும் "தொடுங்க, தொடுங்க," என்றாள். அவர் தொட்டுக்கொண்டுதான் இருந்தார். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

டாக்டர் கருவியை நிறுத்தினார். திரையில் எண் பூச்சியம் ஆனது.

"நிறுத்தினாலும் மரமரப்பு உடனே போகாது," என்றார் பேட்டரியைத் தனியாக அழைத்து. "ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் ஆகலாம். நரம்பு உயிரோட இருந்தா பழைய வலி திரும்பி வரும். வலி வந்தா தப்பிச்சோம். வரலைன்னா..." அதை அவர் முடிக்கவில்லை. "பதினெட்டெல்லாம் நான் பார்த்ததே இல்லை சார். அந்த அளவைத் தாங்கும்னு நீங்க எப்படி முடிவு பண்ணீங்க?"

பேட்டரி திரும்பிக் கட்டில் பக்கம் போனார்.

ஒரு மணி நேரம் போனது. அக்கா கட்டிலில் சாய்ந்துகொண்டு, கொண்டுவந்திருந்த சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். கை சும்மா இருக்காது அவளுக்கு. பதினொரு வருடம் எந்த வலி போக வேண்டும் என்று முட்டி மோதினாரோ, அந்த வலி வர வேண்டும் என்று பேட்டரி இப்போது வேண்டிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, "எரியுதா?" என்றார். "இல்ல," என்றாள் அக்கா. மறுபடி, "லேசாக்கூட எரியலையா?" "இல்லைடா."

ஐந்தாவது பொத்தானில் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "இப்பச் சொல்லு," என்றாள்.

"என்ன சொல்ல?"

"கடையிலேருந்து நீ எதையோ முழுங்கிட்டு உக்காந்திருக்கே. எனக்குத் தெரியாதா? சொல்லு."

சொன்னார். வக்கீல் அறை, வேலி, ஆறு, பத்து, இருபது, டீ. எதையும் மறைக்கவில்லை. கையெழுத்தையும் சொன்னார். சொல்லி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, அவ்வளவு சின்ன விஷயமாக இருந்தது அது.

அக்கா ஊசியை ஊசிமெத்தையில் குத்தினாள், எடுத்தாள், திரும்பவும் குத்தினாள்.

"சும்மாவா சொன்னே?"

"ஆமா."

"இருபதுன்னு. சும்மா."

"ஆமாக்கா."

"ஆறுன்னு இருந்திருந்தா ஆறுலயே நின்னிருப்பேன். ஏழு ஏத்தியிருக்க மாட்டேன். லேசா வலிக்கட்டும்னு விட்டிருப்பேன்." பொத்தான் தைத்த சட்டையைத் தள்ளி வைத்தாள். "நீ போட்டதுன்னுதானேடா ஏத்தினேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அவள் அழுதாள். பதினொரு வருட வலியிலும் அவர் முன்னால் ஒரு நாள் அழாதவள், இப்போது வலியே இல்லாமல் உட்கார்ந்து அழுதாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்கா சொன்னாள்: "அன்னைக்கு இனிக்கும்னு சொல்லி என் நாக்குல வச்சே. நீ முதல்ல வச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"அதான். உனக்கு அந்தப் பழக்கமே கிடையாது."

இரண்டாவது மணி நேரமும் முடிந்தது. டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். பேட்டரிக்கு அந்தப் பேனா நகர்வதைப் பார்க்கவே முடியவில்லை.

அக்கா மணிக்கட்டிலிருந்து பச்சை மணி ஊசியை உருவினாள். டாக்டரிடம் நீட்டிப் மருந்துப் பஞ்சால் துடைக்கச் சொன்னாள். துடைத்ததை வாங்கித் தம்பியிடம் கொடுத்தாள்.

"நீ குத்திப் பாரு."

"டாக்டர் குத்தட்டும்கா."

"நீ குத்து. இந்த ஒரு தடவையாவது நீயே சோதிச்சுப் பாரு." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பேட்டரி கட்டிலின் கால்மாட்டில் முழங்காலிட்டார். அந்தப் பாதத்தை அவர் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. விளிம்பெல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு இருக்கும். கடைத் தரையில் விழுந்த ஊசிகள் எல்லாம் இத்தனை நாளாக இந்தக் காலில் வந்து வந்து போயிருக்கின்றன. யாருக்கும் தெரியவில்லை. காலுக்குச் சொந்தக்காரிக்கும் தெரியவில்லை.

சுண்டுவிரலில் குத்தினார்.

"ஆரம்பி," என்றாள் அக்கா.

அடுத்த விரலில் குத்தினார். அதற்கடுத்த விரலில் குத்தினார். ரத்தம் துளிர்த்தது. "என்னடா, குத்துறதுக்கு நாள் பாத்துக்கிட்டிருக்கியா?" என்றாள். டாக்டர் அவர் தோளில் கை வைத்தார். நாலாவது விரலில் ஊசி வழுக்கியது. பெருவிரலில் குத்தியபோது அக்காவின் புருவம் லேசாக அசைந்ததா, அசைந்தது போல அவருக்குத்தான் தோன்றியதா, தெரியவில்லை. பாதத்தின் நடுவில் குத்தினார். ஒன்றுமில்லை. கண்ணில் நீர் முட்டிப் பாதமே மங்கலாகிவிட்டது. குதிகாலைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, கடையில் ஊசி நின்ற அதே இடத்துக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார்.

"ஆ! டேய்!"

உதை நேராக அவர் மோவாயில் விழுந்தது. கண்ணாடி எகிறிப் போய்ச் சுவர் ஓரம் விழுந்தது. பேட்டரி தரையில் மல்லாந்தார். விழுந்தபடியே, "வலிக்குதா? அக்கா, வலிக்குதா?" என்று கத்தினார்.

"வலிக்குதுடா பாவி! உயிர் போகுது!"

அவர் தரையில் கிடந்து சிரித்தார், அழுதார், இரண்டுக்கும் நடுவில் என்னவோ செய்தார். சத்தம் கேட்டு உள்ளே ஓடி வந்த மச்சான், மனைவி கத்துவதையும் மைத்துனர் தரையில் கிடந்து சிரிப்பதையும் பார்த்துவிட்டு, யாரை அடிப்பது என்று தெரியாமல் நின்றார்.

சிரிப்பு ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. குதிகாலில் திறந்த வழியாகப் பழைய வலி காலுக்குள் ஏறி வந்தது. எரிச்சல் கெண்டைக்கால், முழங்கால், தொடை என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போக, அக்கா கட்டில் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கினாள். நெற்றியில் வியர்வை கொட்டியது. பதினொரு வருடம் இதைத்தான் தாங்கியிருக்கிறாள். டாக்டர் கருவியைத் திரும்பப் போட்டு நான்கில் நிறுத்தினார். "கால் பிழைச்சுது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே, "வெளிப்பக்க மூணு விரல் வரலை. வருமான்னு சொல்ல முடியாது. மிதி மிதிக்கலாம். செருப்பில்லாம நடக்கக் கூடாது, இனி எப்பவும்," என்றார்.

மூன்று விரல். பேட்டரி அந்த மூன்று விரலையும் பார்த்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே அவரைப் பார்த்தாள். கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அவள் கேட்டது வேறு.

"எத்தனை பேருக்கு வச்சிருக்காங்க இதை?"

"தெரியாது."

"கேளு."

அவருக்குப் புரிந்தது. ஃபோனை எடுத்தார். இருபது பொய் என்று சொன்ன மறுநொடி ஏழாவது காப்புரிமை காற்றில் போகும். அதோடு கம்பெனி போகலாம், அவர் பேர் போவது நிச்சயம். பொறியாளர் முதல் மணியிலேயே எடுத்தாள். பக்கத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருந்திருப்பாள் போல.

"எத்தனை பேர்மா இந்தக் கருவிய வச்சிருக்காங்க?"

"நாலாயிரத்து இருநூத்திப் பதினாலு பேர் சார்."

பேட்டரி அக்காவிடம் எண்ணைச் சொன்னார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "அவங்க கால்ல யாருடா ஊசி குத்திப் பாப்பாங்க?" என்றாள். "அவங்களுக்கெல்லாம் தம்பி இருக்கானா?"

"சார், யாரு பேசறாங்க? என்ன சார் ஆச்சு?"

"அம்மா, எழுதிக்கங்க. அந்த இருபதை..." குரலைத் தாழ்த்தினார்.

"சத்தமாச் சொல்லு," என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு. "எனக்குக் கேக்கணும்."

"அந்த இருபதை நான் சோதிக்கலை," என்றார் பேட்டரி. "ஆறு வரைக்கும்தான் சோதிச்சேன். இருபது நான் சும்மா சொன்னது."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. பிறகு அந்தக் கெட்டிக்காரப் பெண், யாரோ கழுத்தைப் பிடித்தது போன்ற குரலில், "மறுபடி சொல்லுங்க சார்," என்றாள்.

அவர் மறுபடி சொன்னார்.